ஏழு ஏழு ஏழு: கண்ணாடிக்குள் ஓடும் ரீலும் நினைவகத்தில் ஓடும் ரீலும்

எந்தச் சேர்க்கை விழுந்தால் எத்தனை காசு என்பதை காசு போட்டுப் படச் சக்கரங்களைச் சுழற்றி ஆடும் ஸ்லாட் இயந்திரத்தின் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தச் சேர்க்கை எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை விழும் என்பது மட்டும் அங்கே இருக்காது. ஒரு காலத்தில் அதைப் பொறுமையுள்ள எவரும் தானே கண்டுபிடித்துவிடலாம். ரீல் எனப்படும் அந்தச் சக்கரத்தில் எத்தனை இடம், எந்தப் படம் எத்தனை தடவை என்று எண்ணினால் மீதி பெருக்கல் கணக்குதான். 1984 மே 15 அன்று இங்கே டெல்னேஸ் என்பவருக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட 4,448,419 எண்ணுள்ள காப்புரிமை அந்த வழியை அடைத்துவிட்டது. வெற்றிச் சேர்க்கை எப்படி உருவாகிறது என்பதை அந்தக் காப்புரிமையை வைத்தே இந்த ஆய்வு விளக்குகிறது. இன்று கேசினோவில் ஓடும் ரீல் இயந்திரங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

பொறியே முடிவு செய்த காலம்

1891இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்பவர்களின் நிறுவனம் ஓர் இயந்திரம் செய்தது. ஐந்து உருளைகள், அவற்றில் 50 சீட்டு முகங்கள். கைப்பிடியை இழுத்தால் ஒரு போக்கர் கை விழும். வெற்றிக் கைகள் ஏகப்பட்டவை. அத்தனையையும் பிரித்தறிந்து தானே காசு கொட்டும் பொறியை யாராலும் அமைக்க முடியவில்லை. விழுந்த கையைப் பார்த்து மதுக்கடைக்காரர்தான் பீரோ சுருட்டோ எடுத்துக் கொடுத்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே 1890களில் செய்த 'லிபர்ட்டி பெல்' இந்தச் சிக்கலை வெட்டிக் குறைத்தது. ரீல் மூன்று, ஒவ்வொன்றிலும் நிற்கும் இடம் 10. குதிரை லாடம், டைமண்ட், ஸ்பேட், ஹார்ட், விரிசல் விழுந்த மணி என்று ஐந்தே படங்கள். மொத்தச் சேர்க்கை 10 × 10 × 10 = 1,000. மூன்று மணிகள் வரிசையில் நின்றால் ஐந்து சென்ட் நாணயம் பத்து. பரிசுக்குரிய சேர்க்கைகள் சில மட்டுமே என்பதால் அவற்றை இரும்பாலேயே அடையாளம் காண முடிந்தது.

கைப்பிடியை இழுக்கும்போது சுருள்வில் இறுகி ரீல்களை உதைத்துச் சுழற்றும். ஒவ்வொரு ரீலின் பக்கத்திலும் ஒரு பல்சக்கரம் உண்டு. கடிகாரப் பொறி போன்ற ஓர் அமைப்பு கொஞ்சம் இடைவெளி விட்டு இடமிருந்து வலமாக ஒவ்வொரு நிறுத்தும் கரத்தையும் அந்தப் பற்களுக்குள் விழவைக்கும். மூன்றும் நின்றதும் உணர்கம்பிகள் ரீல் தட்டுகளில் உள்ள வெட்டுகளைத் தொட்டுப் பார்க்கும். மூன்று கம்பிகளும் பொருத்தமான ஆழத்துக்கு இறங்கினால்தான் காசுக் குழாயின் அடியில் உள்ள தகடு நகர்ந்து நாணயத்தை விடும். ரீல் எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு. முடிவைத் தீர்மானிக்க அதற்குப் பின்னால் வேறு எதுவும் கிடையாது.

ஏமாற்று வேலையும் அதே இரும்பில்தான் நடந்தது. பெரிய பரிசுப் படத்துக்குரிய பல்லை மறைக்கும்படி ஒரு சிறு உலோகத் துண்டைப் பல்சக்கரத்தில் பொருத்திவிடுவார்கள். கரம் அந்த இடத்தில் விழாது, ரீல் அடுத்த பல்லுக்கு நழுவிவிடும். இதற்கு அங்கே 'பக்' என்று பெயர். ஆட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கடிகாரப் பொறியின் ஓட்டம் சீராக இருந்ததால், இழுக்கும் நேரத்தை அளந்து ரீலை வேண்டிய இடத்தருகே நிறுத்தப் பழகியவர்கள் 1940களின் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் தொல்லையாக மாறினார்கள். நேரத்தைக் கலைத்துவிடும் பாகங்களைச் சேர்த்துத்தான் அதைத் தடுத்தார்கள்.

10,648 என்ற சுவர்

1963இல் பாலி நிறுவனத்தின் 'மனி ஹனி' மின்சாரத்தோடு வந்தது. அடியில்லாத காசுத்தொட்டி வைத்து, ஆள் உதவியின்றி 500 நாணயம் வரை அதுவே கொட்டியது. காசு கொடுக்கும் வசதி வளர்ந்துவிட்டது, சேர்க்கைகளின் எண்ணிக்கை வளரவில்லை. ஒரு ரீலில் 22 இடங்கள் என்று வைத்தால் மொத்தச் சேர்க்கை 22 × 22 × 22 = 10,648. ஏழு என்ற படத்தை ஒவ்வொரு ரீலிலும் ஒரே ஓர் இடத்தில் வைத்தாலும் மூன்று ஏழு சராசரியாக 10,648 ஆட்டத்துக்கு ஒருமுறை விழுந்தே தீரும். அதற்கு 10,000 காசு பரிசு அறிவித்தால், போடப்படும் ஒவ்வொரு 100 காசிலும் ஏறத்தாழ 94 காசு அந்த ஒரு பரிசுக்கே போய்விடும். சிறிய பரிசுகளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. சிறிய பரிசு இல்லாத இயந்திரத்தின் முன் யாரும் பத்து நிமிடம்கூட உட்கார மாட்டார்கள்.

நான்காவது ரீலைச் சேர்த்தால் 2,34,256 சேர்க்கைகள். ஐந்தாவதையும் சேர்த்தால் 51,53,632. கணக்கு சரியாகிவிடும், ஆனால் ஆட்டக்காரர் நம்பமாட்டார். ரீல் கூடினால் வாய்ப்பு குறையும் என்பது பார்த்த உடனேயே தெரிந்துவிடுகிறது. ரீலின் சுற்றளவைப் பெரிதாக்கினாலும் அப்படித்தான். டெல்னேஸின் காப்புரிமை இந்த இக்கட்டை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. சட்ட வரம்புக்குள் நின்றபடியே, உண்மையில் இருப்பதைவிட அதிக வெற்றி வாய்ப்பு இருப்பதாக ஆட்டக்காரருக்குத் தோன்றும் இயந்திரம் வேண்டும் என்ற கருத்து அதன் வாசகத்திலேயே உண்டு. ஸ்லாட் இயந்திரங்கள் குறித்து எழுதப்பட்டவற்றில் இவ்வளவு வெளிப்படையான இன்னொரு வரியைக் காண்பது அரிது.

காப்புரிமையின் கருத்து

ரீலை நிறுத்தும் வேலையை இரும்பிடமிருந்து எடுத்து மின்னணுவிடம் கொடுத்ததோடு டெல்னேஸ் நிற்கவில்லை. அவர் புகுத்திய முக்கியமான பொருள் ஓர் அட்டவணை. இயந்திரத்தின் நினைவகத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ரீல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 64 இடங்களும் இருக்கலாம், 72 இடங்களும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். அந்த இடங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள் தெரியும் 22 இடங்களில் ஏதோ ஒன்றைக் காட்டும். ஒரு வெற்றிடத்துக்கு ஐந்து எண்கள், ஏழு என்ற படத்துக்கு ஒரே எண் என்று தயாரிப்பாளர் விருப்பப்படி பங்கிடலாம்.

ஓர் ஆட்டம் நடக்கும் வரிசை இதுதான். தற்செயல் எண்களை உருவாக்கும் நிரல் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்திய அல்லது கைப்பிடியை இழுத்த கணத்தில் ரீலுக்கு ஒன்றாக மூன்று எண்களை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அவற்றை 64க்குள் சுருக்கி அட்டவணையில் தேடும். மூன்று நிறுத்தங்கள் கிடைத்துவிடும். பரிசு எவ்வளவு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்டெப்பர் மோட்டார்கள் (அளந்த சிறு படிகளில் நகரும் மோட்டார்கள்) ரீல்களைச் சுழற்றிக் குறித்த இடத்தில் நிறுத்துகின்றன. ரீலின் ஓரத்தில் உள்ள அடையாளத்தை ஒளி உணரி படித்து நிலையைச் சரிபார்க்கும். ஆக, ரீல் சுழலத் தொடங்கும் முன்பே முடிவு வந்துவிட்டது. அடுத்த சில விநாடிகளில் நடப்பதெல்லாம் அதன் காட்சி மட்டுமே.

இந்தக் காப்புரிமையைப் பின்னர் ஸ்லாட் இயந்திரத் தயாரிப்பாளரான ஐஜிடி நிறுவனம் வாங்கியது. அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1999இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த டபிள்யூஎம்எஸ் – ஐஜிடி வழக்கு ஒரு சான்று. போட்டித் தயாரிப்பாளரான டபிள்யூஎம்எஸ்ஸின் இயந்திரம் பரிசுத் தொகையை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருந்தும் ரீல் நிலைகளைப் பின்னர் தேர்ந்தெடுத்தது. வரிசை மாறினாலும் டெல்னேஸின் முறைக்கு இது ஈடானதே என்று நீதிமன்றம் கண்டது.

ஒரு மாதிரி இயந்திரம், முழுக் கணக்கோடு

உண்மையான இயந்திரங்களின் கணக்கை 'பி.ஏ.ஆர். தாள்' என்ற ஆவணத்தில் எழுதி வைப்பார்கள். ரீல் படங்களின் வரிசை, எடைகள் (ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை எண்கள் என்ற பங்கீடு), பரிசுப் பட்டியல், மொத்தத் திருப்பம் (போட்ட காசில் பரிசாகத் திரும்பும் சதவீதம்) எல்லாம் அதில் இருக்கும். தயாரிப்பாளர்கள் அதை ரகசியமாகக் காப்பார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தகவல் பெறும் சட்டத்தின் வழியாகச் சில தாள்களைப் பெற்று விளக்கிய பிறகுதான் வெளியுலகுக்கு அவற்றின் உட்புறம் தெளிவாகத் தெரிந்தது. அதே அமைப்பில், கணக்குப் போட்டுக் காட்டவென்றே செய்த மாதிரி ஒன்று கீழே.

மூன்று ரீல்களும் ஒரே மாதிரியானவை. கண்ணுக்குத் தெரியும் இடங்கள் 22. அவற்றில் 11 வெற்றிடங்கள், ஒற்றைப் பார் ('BAR' என்று எழுதிய பட்டைப் படம்) 4, இரட்டைப் பார் 3, மூன்றடுக்குப் பார் 2, செர்ரி 1, ஏழு 1. இரண்டு படங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு வெற்றிடம் வரும். நினைவக ரீலில் 64 இடங்கள். பங்கீடு: வெற்றிடங்களுக்கு 32, ஒற்றைப் பாருக்கு 12, இரட்டைக்கு 9, மூன்றடுக்குக்கு 6, செர்ரிக்கு 4, ஏழுக்கு 1. மொத்தச் சேர்க்கை 64 × 64 × 64 = 2,62,144.

ஒரு காசு போட்டால் பரிசுப் பட்டியலும், 2,62,144 சேர்க்கையில் அது விழும் தடவைகளும்:

ஏழு மூன்று: 1 சேர்க்கை, பரிசு 10,000
மூன்றடுக்குப் பார் மூன்று: 216, பரிசு 100
இரட்டைப் பார் மூன்று: 729, பரிசு 40
ஒற்றைப் பார் மூன்று: 1,728, பரிசு 20
எந்தப் பார் ஆனாலும் மூன்று: 17,010, பரிசு 5
செர்ரி மூன்று: 64, பரிசு 30
செர்ரி இரண்டு: 2,880, பரிசு 5
செர்ரி ஒன்று: 43,200, பரிசு 1

இந்த எண்கள் வரும் வழியில் பிழை நுழையும் இடம் ஒன்று உண்டு. ஒரு ரீலில் பார் வகைகள் எல்லாம் சேர்ந்து 27 இடங்கள், எனவே மூன்று ரீலிலும் ஏதோ ஒரு பார் நிற்கும் சேர்க்கைகள் 27 × 27 × 27 = 19,683. இதை அப்படியே 5 காசுப் பரிசில் எழுதிவிட்டால், ஒரே வகைப் பார்கள் மூன்று வந்த சேர்க்கைகள் இருமுறை எண்ணப்பட்டுவிடும். 216, 729, 1,728 மூன்றையும் கழித்த பிறகே 17,010 கிடைக்கும். செர்ரியிலும் அப்படியே. 'இரண்டு' என்றால் மூன்றாவது ரீல் செர்ரி அல்லாத 60 இடங்களில் ஒன்றில் நிற்க வேண்டும்: 3 × 4 × 4 × 60 = 2,880. எந்தப் படத்துக்கும் பதிலாக நிற்கும் 'வைல்டு' படம் ஒன்றைச் சேர்த்தால் இந்தக் கழித்தல்கள் பல மடங்கு சிக்கலாகும். ஐஜிடியின் 'டபுள் டைமண்ட்' இயந்திரத்தில் வைல்டு ஒன்று சேர்ந்தால் பரிசு இரு மடங்கு, இரண்டு சேர்ந்தால் நான்கு மடங்கு. அங்கே பெரிய பரிசிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி எண்ணுவதுதான் பாதுகாப்பான முறை.

ஒவ்வொரு வரியிலும் சேர்க்கையையும் பரிசையும் பெருக்கிக் கூட்டினால் 2,39,890 வரும். அதை 2,62,144ஆல் வகுத்தால் 91.51 சதவீதம். நீண்ட ஓட்டத்தில் போடப்படும் 100 காசில் இவ்வளவு திரும்பும், 8.49 காசு கேசினோவுக்கு. பரிசு தரும் சேர்க்கைகள் மொத்தம் 65,828, அதாவது 25.11 சதவீதம். ஏறக்குறைய நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை இயந்திரம் மணியடிக்கும். அவற்றில் 43,200 தடவை, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக, போட்ட காசைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே. போட்டதைவிட அதிகம் கிடைப்பது 8.63 சதவீத ஆட்டங்களில்தான்.

இப்போது ஓர் ஆட்டக்காரர் பழைய வழக்கப்படி ரீலைக் கண்ணால் எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 22 இடங்களும் சம வாய்ப்புள்ளவை என்று நம்பி அதே பரிசுப் பட்டியலுக்குக் கணக்குப் போட்டால் 10,648 சேர்க்கைகளுக்கு 17,978 காசு பரிசு. திருப்பம் 168.84 சதவீதம்! கண் பார்க்கும் இயந்திரம் ஆட்டக்காரருக்குக் கொழுத்த லாபம் தரும் இயந்திரம். ஓடுகிற இயந்திரம் நூற்றுக்கு எட்டரை காசு பிடித்துக்கொள்ளும் இயந்திரம். மூன்று ஏழு விழும் வாய்ப்பு கண் சொல்வதைவிட 24.6 மடங்கு குறைவு. இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன.

ஒரே ஓர் இடத்தை மாற்றினால்

பி.ஏ.ஆர். தாள் இல்லாமல் ஓர் இயந்திரத்தை வெளியிலிருந்து மதிப்பிட முடியாது என்பதற்கு இந்தச் சிறு சோதனை போதும். ஒவ்வொரு ரீலிலும் செர்ரியின் நான்கு எண்களில் ஒன்றை எடுத்து வெற்றிடத்துக்குக் கொடுப்போம். செர்ரிக்கு 3, வெற்றிடங்களுக்கு 33. ரீலில் ஒட்டிய படத்தாள் மாறவில்லை, பரிசுப் பட்டியல் மாறவில்லை, விளக்குகள் மாறவில்லை. திருப்பம் 91.51இலிருந்து 85.03 சதவீதமாக இறங்கிவிடும். பரிசு விழும் அளவு 25.11இலிருந்து 20.92 சதவீதமாகும். ஒரே பெயருடைய ஒரே இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர்கள் பல திருப்ப விகிதங்களில் சிப்புகள் விற்பது இப்படித்தான். பக்கத்து பக்கத்தில் நிற்கும் இரண்டு ஒரே மாதிரி இயந்திரங்கள் வேறு வேறு விகிதத்தில் ஓடலாம். நெவாடாவின் ஒழுங்குவிதி கேட்பது குறைந்தது 75 சதவீதத் திருப்பம், நியூ ஜெர்சியில் 83. இரண்டுக்கும் மேலே விளையாட நிறைய இடம் இருக்கிறது.

வெற்றிடங்கள் எங்கே குவிகின்றன

மேலே சொன்ன 32 வெற்றிட எண்களை 11 வெற்றிடங்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாதிரி இயந்திரத்தில் ஏழுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள இரண்டு வெற்றிடங்களுக்கு ஐந்தைந்து எண்கள் தருவோம். மீதி ஒன்பது வெற்றிடங்களும் 22 எண்களைப் பகிர்ந்துகொள்ளட்டும். திருப்ப விகிதத்தில் ஒரு துளி மாற்றமும் இல்லை, வெற்றிடம் எதுவானாலும் பரிசு பூஜ்யம்தான். ஆனால் கண்ணாடிக்குள் தெரிவது மாறிவிடுகிறது.

கண்ணாடியில் பேலைனோடு (பரிசைத் தீர்மானிக்கும் நடுக்கோட்டோடு) அதன் மேல் வரிசையும் கீழ் வரிசையும் தெரியும். ஒரு ரீலில் ஏழு பேலைனில் நிற்க 64இல் 1 வாய்ப்பு. பேலைனைத் தவறவிட்டு ஓர் இடம் மேலேயோ கீழேயோ நிற்க 64இல் 10. மூன்று ரீல்களிலும் ஏழு கண்ணாடிக்குள் தெரிந்தும் பரிசு விழாத சேர்க்கைகள் 11 × 11 × 11இலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,330. சராசரியாக 197 ஆட்டத்துக்கு ஒருமுறை. 22 இடங்களும் சமமாக இருந்திருந்தால் அது 410 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்த நேர்மையான இயந்திரத்தில் ஓர் உண்மையான மூன்று ஏழுக்கு 26 'நூலிழையில் தவறியது' வரும். மாதிரி இயந்திரத்தில் ஓர் உண்மையான மூன்று ஏழுக்கு 1,330 வரும். நூலிழை என்று எதுவும் அங்கே இல்லை. எண் 17 வந்திருந்தாலும் 40 வந்திருந்தாலும் ஏழின் ஒற்றை எண்ணிலிருந்து தூரத்தில் வேறுபாடு இல்லை.

இந்த இடத்தில் சட்டம் எங்கே கோடு கிழித்தது என்பது கவனிக்கத் தக்கது. 1980களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனமான யுனிவர்சல் நெவாடாவில் விற்ற இயந்திரங்கள் விசாரணைக்கு வந்தன. அவை தோல்வி என்று முதலில் முடிவு செய்தபின், எந்தத் தோல்வியைக் காட்டலாம் என்று இரண்டாவது முறை தேர்ந்தெடுத்தன. அந்த இரண்டாவது தேர்வில் வெற்றிக்கு அருகில் இருப்பது போன்ற காட்சிகளுக்கு முன்னுரிமை கொடுத்தன. நெவாடாவின் சூதாட்ட ஆணையம் இதை ஏற்கவில்லை. ஆட்டத்தின் முடிவு தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு, ஆட்டக்காரருக்குக் காட்டப்படும் முடிவைப் பாதிக்கும் மாறக்கூடிய இரண்டாம் முடிவு எதையும் இயந்திரம் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. டெல்னேஸ் அட்டவணைக்கோ தடை வரவில்லை. அதில் ஒரே ஒரு தேர்வுதான் நடக்கிறது, வெற்றிடங்களின் எடை முன்கூட்டியே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது காரணம்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் வேறுபாடு உண்மையானதுதான். ஆட்டக்காரரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அருகில் வந்து தவறியதுபோன்ற காட்சியை அளவுக்கு மீறி உண்டாக்குவதுதான் குற்றம் என்றால், அதைத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் செய்தாலென்ன, அட்டவணையின் எடையில் செய்தாலென்ன? இந்தக் கோடு ஆட்டக்காரரைக் காக்கக் கிழிக்கப்பட்ட கோடாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்குச் சங்கடம் வராத இடத்தில் அது கிழிக்கப்பட்டிருக்கிறது.

காட்சியும் கணக்கும் முரண்பட்டால்

முடிவு நினைவகத்தில் இருப்பதால் ஒரு புதுவகைக் கோளாறும் வந்துசேர்ந்தது. மோட்டார் நழுவலாம், ஒளி உணரியில் தூசு படியலாம், யாராவது பெட்டியைத் தட்டி ரீலை அசைக்கலாம். அப்போது கண்ணாடியில் ஒரு சேர்க்கை, நினைவகத்தில் வேறொரு சேர்க்கை. நிலை பொருந்தாததை உணர்ந்தால் இயந்திரம் ரீலை மறுபடி சுழற்றிப் பார்க்கும், முடியாவிட்டால் 'டில்ட்' காட்டி நின்றுவிடும். கோளாறு ஏற்பட்டால் ஆட்டமும் பரிசும் செல்லாது என்ற வாசகம் முகப்பில் சிறிய எழுத்தில் இருப்பது இதற்காகத்தான். பெரிய பரிசு விழுந்ததும் உடனே பணத்தை நீட்டமாட்டார்கள். பெட்டியைத் திறந்து, நினைவகத்தில் பதிவான கடைசி ஆட்டத்தைப் படித்து, நிரல் சிப்பைக் கழற்றிக் கோபெட்ரான் போன்ற கருவியில் வைத்து அங்கீகரிக்கப்பட்ட பதிப்புதானா என்று சரிபார்த்த பிறகே கொடுப்பார்கள். சண்டை வந்தால் கண்ணாடியின் புகைப்படத்துக்குப் பெரிய மதிப்பில்லை, நினைவகப் பதிவுக்குத்தான்.

கோடிகளில் பரிசு

நினைவக ரீலின் அளவுக்கு வரம்பு இல்லாமல் போனதும் இயந்திரங்களை இணைத்துப் பரிசைப் பெருக்கும் வழி திறந்தது. ஐஜிடி 1986இல் நெவாடாவில் தொடங்கிய 'மெகாபக்ஸ்' பல கேசினோக்களின் இயந்திரங்களை ஒரே பரிசுக்குளத்தில் சேர்த்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கு அந்தக் குளத்துக்குப் போகும். 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸின் எக்ஸ்காலிபரில் விழுந்த பரிசு 3 கோடியே 97 லட்சம் டாலர். வாய்ப்பு சுமார் 5 கோடியில் ஒன்று என்பது வெளியிலிருந்து கணக்கிட்டவர்களின் மதிப்பீடு. மூன்று ரீல் மட்டும் கொண்டு அந்த எண்ணை எட்ட நினைவக ரீலில் 368 இடங்கள் வேண்டும். அத்தனை இடங்களோடு ஓர் உண்மையான ரீலைச் செய்து கண்ணாடிக்குள் வைத்திருந்தால் யாராவது முன்னால் உட்கார்ந்திருப்பார்களா?

மாதிரி இயந்திரத்துக்கே திரும்பினால், பெரிய பரிசு ஒரு மாலை ஆட்டத்தின் கணக்கை எப்படித் திரிக்கிறது என்பதும் தெரியும். மூன்று ஏழு என்ற சேர்க்கையை நீக்கிவிட்டால் திருப்பம் 87.70 சதவீதம்தான். மணிக்கு 600 ஆட்டம் ஆடுபவர் 2,62,144 ஆட்டத்தை முடிக்க 437 மணி நேரம் ஆகும். 10,000 ஆட்டம் ஆடினால் மூன்று ஏழு ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு 96 சதவீதம். அட்டவணையில் எழுதியுள்ள 91.51 என்பது மணிக்கு 51 காசு இழப்பு. பெரும்பாலானோர் உண்மையில் பார்ப்பதோ மணிக்கு 74 காசு இழப்பு.

திரையில் வந்த பிறகு

வீடியோ ஸ்லாட்டில் ரீல் வெறும் படம். கணக்கு அதேதான், ஒளிக்கும் இடம் மட்டும் வேறு. நினைவக அட்டவணைக்கு இடம் தராத ஆஸ்திரேலியாவில் ரீல்களைச் சமமற்றதாகச் செய்கிறார்கள். தலா 30 இடமுள்ள மூன்று ரீல்களில் ஒரு படத்தை 11 தடவை வைக்கவேண்டும் என்றால், 4, 4, 3 என்று வைத்தால் 27,000 சேர்க்கையில் 48 வெற்றிகள். 5, 5, 1 என்று வைத்தால் 25தான். முதல் இரண்டு ரீலில் அந்தப் படம் சேர்ந்து வருவதோ 56 ஆட்டத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து 36க்கு ஒருமுறையாகக் கூடிவிடும். மூன்றாவது ரீலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் தருணங்கள் கூடுகின்றன, வெற்றி பாதியாகிறது.

'243 வழி' என்று எழுதியிருந்தால் ஐந்து ரீல், ஒவ்வொன்றிலும் தெரியும் மூன்று வரிசை: 3ஐ ஐந்து முறை பெருக்கினால் 243. இடமிருந்து அடுத்தடுத்த ரீல்களில் ஒரு படம் இரண்டு, ஒன்று, மூன்று என்று தெரிந்தால் 2 × 1 × 3 = 6 வழிகள், பரிசும் ஆறு மடங்கு. கோடு கணக்கில் ஆடும் இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. 20 கோடுகளுக்குத் தலா ஒரு கிரெடிட் என்று 20 போடுகிறார் ஒருவர். இரண்டு கோடுகளில் சேர்த்து 8 விழுகிறது. திரை மின்னும், இசை எழும், '8 வென்றீர்கள்' என்று காட்டும். உண்மையில் போனது 12. வெற்றி வேடமிட்ட இந்தத் தோல்விகளை அதே வாட்டர்லூ ஆய்வாளர்கள் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். திரையில் பரிசு விழும் விகிதத்தைப் படிக்கும்போது, போட்டதைவிட அதிகம் திரும்பியவற்றை மட்டும் பிரித்து எண்ணுவதே சரியான கணக்கு. கைபேசியில் பணம் வைத்து ஆடும் இத்தகைய அதிர்ஷ்ட விளையாட்டுகள் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அனுமதியில்லாமல் நடக்கும் செயலிகளின் அட்டவணையை எந்த ஆய்வுக்கூடமும் சோதிப்பதில்லை.

அடிக்கடி வரும் மூன்று நம்பிக்கைகள்

நீண்ட நேரம் பரிசு தராத இயந்திரம் இனித் தந்தாக வேண்டும் என்பது முதலாவது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 2,62,144 சேர்க்கைகளும் மறுபடி முழுமையாகக் கிடைக்கின்றன, போன ஆட்டம் எதையும் எடுத்துச் செல்வதில்லை. சரியாக 2,62,144 ஆட்டம் ஆடியவருக்கும் மூன்று ஏழு ஒருமுறையாவது வந்திருக்கும் வாய்ப்பு 63.2 சதவீதம்தான். இரண்டாவது, ரீலை நிறுத்தும் பொத்தான். பெரும்பாலான இயந்திரங்களில் அது காட்சியைச் சுருக்கும், முடிவு தொடக்கப் பொத்தானோடு வந்துவிட்டது.

மூன்றாவதுதான் மனதை அதிகம் வருத்துவது. எழுந்துபோன இருக்கையில் அடுத்து அமர்ந்தவருக்கு ஏழு மூன்றும் விழுந்தால், இன்னும் ஓர் ஆட்டம் இருந்திருந்தால் அது தனக்கே விழுந்திருக்கும் என்று தோன்றும். தற்செயல் எண் நிரல் ஒரு விநாடிக்குள் எண்ணற்ற எண்களைக் கடந்துபோகிறது. அடுத்தவர் பொத்தானை அழுத்திய அந்தக் கணம் அவருக்கே உரியது. எழுந்து போனவர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தாலும் அதே கணத்தில் அழுத்தியிருக்கமாட்டார், அதே மூன்று எண்களும் வந்திருக்காது.

நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் வெளியிடும் வருவாய் அறிக்கையில் ஒரு சென்ட், இருபத்தைந்து சென்ட், ஒரு டாலர் என்று இயந்திர வகைவாரியாகவும் பகுதிவாரியாகவும் கேசினோக்கள் பிடித்துக்கொண்ட சதவீதம் இருக்கும். பொதுவாகச் சிறிய காசு இயந்திரங்கள் அதிகம் பிடிக்கின்றன என்பதை அதில் எவரும் சரிபார்க்கலாம். குறிப்பிட்ட ஓர் இயந்திரத்தின் எடை அட்டவணையை அது சொல்லாது. அதற்குப் பி.ஏ.ஆர். தாள்தான் வேண்டும், அதை ஆட்டக்காரருக்குக் காட்டும்படி நெவாடா விதிகள் கேட்பதில்லை.